தரைகிட்ட சொல்லிட்டுப் போகணும்

எஸ்தருக்கு, அம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. தபால்காரரிடம் வாங்கின கையோடு, டீச்சர் டிரெயினிங் ஹாஸ்டல் வாசலிலேயே ஒரு காலில் சாய்ந்து நின்று நீ படிக்க ஆரம்பித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உள்ளே போ. தரையில் உட்கார். முதுகு நேராக இருக்கட்டும். பதினாலு வருஷம் டிரில் டீச்சராக இருந்தவளுக்கு மகளுக்கு எழுதும்போதும் முதலில் கட்டளைதான் வருகிறது, என்ன செய்ய. அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. அது ஜின்னிங் பேக்டரி பஞ்சு கொடுத்த இருமல், பென்ஷன் மாதிரி கடைசிவரை வரும் என்று அவரே சிரிக்கிறார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. விளாத்திகுளத்துப் பக்கத்தில் புதிதாகத் திறக்கிற பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதத்திலிருந்து உனக்கு வேலை தருகிறார்கள், மூன்றாம் வகுப்போடு பெண்பிள்ளைகளுக்கு டிரில்லும் ஆட்டமும் நீதான் எடுக்க வேண்டுமாம், டிரில் டீச்சர் மகள் என்பதால்தான் உன்னைக் கேட்கவே கேட்டார்களாம், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இவ்வளவையும் சந்தோஷமாக எழுதிவிட்டு அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். 'முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன், எனக்கு ஒழுங்காக விழக்கூடத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும்.' அந்த ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். பிறகு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இனியாவது அந்தப் பிள்ளகிட்ட உண்மையச் சொல்லுதியா, இல்ல நான் எழுதட்டா?" என்று கேட்டார். பத்து வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நானே எழுதுகிறேன் என்றேன். வெள்ளி போய், சனி போய், இன்று காலை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டையும் முடித்துவிட்டு, இனி ஒதுங்க இடமில்லை என்று ஆன பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் போன மாதம் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாசி பிடித்திருந்தது. பிள்ளைகளிடம் 'பார்த்துப் போங்கள்' என்று சத்தம் போட்டுக்கொண்டே போனவள் நான்தான் வழுக்கினேன். ஐம்பதை எட்டப் போகிற உடம்பு, கனமும் உனக்குத் தெரியும். சிமெண்டுத் தரை. விழுந்தேன், ஒரு பக்கமாக உருண்டேன், எழுந்து சேலையை உதறிக்கொண்டு நின்றேன். ஒரு கீறல் இல்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். எட்டாம் வகுப்பில் செல்லத்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள், வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். "டீச்சர், எம்புட்டு அழகா விழுந்தீங்க. இத யாரு டீச்சர் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல, "மெட்ராஸ்ல படிச்சேன்" என்றேன். அது பொய், எஸ்தர். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அது நடந்து ஒரு மாதத்துக்குள் உன் கடிதமும் வந்ததற்குக் கர்த்தர்தான் காரணம் என்று உன் பெரியம்மா சொல்வாள். எனக்கு அவ்வளவு தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மெட்ராஸில் டிரில் டீச்சர் பயிற்சி எடுத்தது மட்டும் உண்மை. அங்கே ஒரு நாள் சாயங்காலம், எங்கிருந்தோ ஒரு அம்மாள் வந்து ஒரு ஆட்டம் காட்டினார். சலங்கை இல்லை, பாட்டு இல்லை, முத்திரை இல்லை. தரையில் விழுந்தார், புரண்டார், எழுந்தார். இன்ன அடிக்குப் பிறகு இன்ன அடி என்று எதுவும் கிடையாது, அந்த நேரத்துக்கு உடம்பு எங்கே போகிறதோ அங்கே போனார். கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மறுநாள் அவர் போய்விட்டார். நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரம்தான், அதிலும் பாதி. அந்தக் கூடத்தில் கனமான மெத்தை விரித்திருந்தார்கள். மெத்தை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெத்தை இல்லாவிட்டால் எப்படி விழுவது என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குக் கோவில்பட்டி ஜின்னிங் பேக்டரியில் ஃபிட்டர் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பள்ளிக்கூடத்தில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். மர டம்பெல்ஸ் இரண்டைக் கையில் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நாலு வருஷம் சொன்னேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நானும் விட்டேன். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் டம்பெல்ஸைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு நாம் ஒரு புது ஆட்டம் ஆடப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் காடுதான் ஆட்டம். பன்னிரண்டு பிள்ளைகள் தரையாகப் படுத்துக் கிடப்பார்கள், மழை வரும், எழுவார்கள், காற்று வரும், விழுவார்கள். பாவாடை விலகாமல் இருக்க நடுவில் நாலு தையல் போட்டுக் கால்சட்டை மாதிரி ஆக்கினோம். அதற்கே ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். உன் சிநேகிதி ஜைனம்புவின் வாப்பா மளிகைக் கடையிலிருந்து என்னைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, ஊர்ல எல்லாரும் பிள்ளையள நடக்கப் பழக்குதாங்க, நீங்க விழப் பழக்குதீங்களாமே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மறுவாரமே ஜைனம்புவையும் அனுப்பி வைத்தார். நல்ல மனுஷன்.

மெத்தைக்கு எங்கே போவது? அப்பாவின் பேக்டரிதான். மாசி, பங்குனியில் காட்டுப் பருத்தியெல்லாம் வந்து குவிந்திருக்குமே. முதலாளியிடம் அப்பா கேட்டு, சனிக்கிழமை மத்தியானம் மிஷின் நின்ற பிறகு இரண்டு மணி நேரம் கொட்டடியில் அரைத்த பஞ்சின் மேல் பழகிக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தார். ஆளுயரம் பஞ்சு. அதில் விழுந்தால் மேகத்தில் விழுந்த மாதிரி. பிள்ளைகள் விழுவதும் புதைவதும் சிரிப்பதும், தும்மலும். வீட்டுக்குத் திரும்பும்போது தலையெல்லாம் வெள்ளை. ரயில்வே கேட்டில் நிற்கிறவர்கள், "கெழவியெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வாராளுவ" என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு பிடித்திருந்தன என்று உனக்குச் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் நானாக நினைத்து, நானாகச் செய்த முதல் காரியம் அது.

மழை வருகிற இடத்தில் நான் இரண்டு டம்பெல்ஸைத் தட்டுவேன். ஒரு தட்டு ஒரு துளி. அந்தத் துளி யார் மேல் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தன் மேல் விழுந்தது என்று ஒருத்திக்குத் தோன்றினால், எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்திலிருந்து அவள் எழ வேண்டும், பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கக் கூடாது. சொல்வது லேசு. டிரில்லில் வளர்ந்த பிள்ளைகள், ஒருத்தி எழுந்தால் பன்னிரண்டு பேரும் வரிசையாக எழுந்து அட்டென்ஷனில் நிற்பார்கள். மூன்று வாரம் தொண்டை கட்டினதுதான் மிச்சம். ஒரு சனிக்கிழமை நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நீ மட்டும் படுத்திருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம் உன் வலது கால் கட்டைவிரல் மட்டும் மெதுவாக நிமிர்ந்தது. பிறகு பாதம், பிறகு முழங்கால். எழுந்து முடிக்க உனக்கு அவ்வளவு நேரம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம் என்றேன். "துளி என் கட்டவெரல்லதான் விழுந்துச்சு டீச்சர். அங்கன இருந்து தலைக்கு வாரதுக்கு நேரமாவாதா?" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வேலை என்றால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தை நீ அந்தப் பஞ்சுக் கொட்டடியிலும் மீறியதில்லை.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா சொன்னார். "ஒரு நாளாவது பிள்ளைகள மைதானத்துல விழவச்சுப் பாரு. பஞ்சு வேற, பங்குனிக் கரிசல் வேற." எனக்குக் கோபம் வந்தது. பயம் போகத்தான் பஞ்சு, பயம் போய்விட்டால் அடியே படாது, உங்களுக்கு மிஷின்தான் தெரியும், பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். அவர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் வெடிப்புகளைச் சரள்மண் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தோம். அணாவுக்குப் பதில் நயா பைசா வந்த புதிது, வந்திருந்த தாய் தகப்பன்மாரெல்லாம் ஆட்டம் ஆரம்பிக்கும்வரை அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். டம்பெல்ஸைத் தட்டினேன். நீங்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தபோது அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பது உண்மை. பிறகு காற்று. கையை விரித்துக்கொண்டு பின்னால் விழ வேண்டிய இடம். மற்றப் பதினொரு பேரும் கடைசி நிமிஷத்தில் தரையை நினைத்துப் பயந்து, பாதியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். நீ ஒருத்திதான் நான் சொன்னபடி, ஒரு முடிகூடக் குறையாமல், கையை விரித்து முழு உடம்பையும் விட்டாய். இடது முழங்கை முதலில் தரையில் பட்டது. அந்தச் சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதப் போவதில் உனக்குத் தெரியாதது என்ன, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆபீஸ் அறையில் பெஞ்சில் உன்னை உட்கார வைத்திருந்தோம், கை மடியில் கிடந்தது. பெரிய டீச்சர் வந்து நின்று, "இது எப்படி நடந்துச்சு? நீங்க சொல்லிக் குடுத்த முறை சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். ஜூன் மாதத்தில் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. மற்றப் பதினொரு பிள்ளைகளின் தாய்மாரும் ஜன்னலில் நின்றார்கள். நான் சொன்னேன், "முறை சரிதான். இவதான் நான் சொன்னபடி விழல. அவ இஷ்டத்துக்குக் கைய நீட்டிட்டா." பெரிய டீச்சர் உன்னைப் பார்த்தார். வலியில் உன் உதடெல்லாம் வெளுத்திருந்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், நாந்தான் தப்பா விழுந்துட்டேன்" என்றாய். பெரிய டீச்சரிடம் சொன்னாயா, என்னிடம் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பன்னிரண்டு வயது உனக்கு. என்னைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்து சொன்னாயா, நான் சொன்னதை நம்பி நீயே அப்படி நினைத்துவிட்டாயா என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது. நீ நம்பியிருக்கிறாய்.

நாகலாபுரத்து எலும்பு வைத்தியரிடம் போன பஸ்ஸில் நீ அப்பாவின் மடியில் படுத்து வந்தாய். முட்டையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். திரும்பி வந்ததும் அப்பா கடம்பூருக்கு ரயிலேறிப் போய் உனக்குப் பிடித்த போளி வாங்கிவந்தார். நீ தொடவில்லை. கட்டுப் பிரித்தபோது முழங்கை ஒரு விரல் அளவு கோணலாக இருந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் என்ற பேச்சை நீ எடுக்கவில்லை. வீட்டில் என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை, டீச்சர் என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்றுகொள்வாய். நான் நிரந்தரமானேன். அந்தச் சந்தோஷத்துக்கு வீட்டில் பாயசம் வைக்கவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று இருக்கிறது. இதைவிடப் பெரியது. இதைத்தான் சொல்ல முடியாமல் இரண்டு நாள் ஓட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசியில், ஒரு சாயங்காலம், நான் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் நீயும் ஜைனம்புவும் இருந்தீர்கள். மழை இரண்டு நாள் பெய்து வெறித்திருந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ விழுந்துகொண்டிருந்தாய். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. முதலில் முழங்கால் மடங்கியது. பாதத்தின் ஓரம் தரையைத் தொட்டது, அப்புறம் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, விலா, தோள். சாக்கிலிருந்து கம்பு சரிகிற மாதிரி சத்தமில்லாமல் சரிந்தாய். கை எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து மெதுவாகப் படுத்தது. படுத்த வேகத்திலேயே உருண்டு எழுந்து நின்றாய். மெட்ராஸ் அம்மாளிடம் நான் பார்க்காமல் விட்ட பாதி அதுதான். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. ஒடிந்த கை உனக்குச் சொல்லித் தந்திருந்தது. ஜைனம்பு, "ஏட்டி, வலிக்கலியா?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "தரைகிட்ட மொதல்ல சொல்லிட்டுப் போகணும்ட்டி. சொல்லாமக் கொள்ளாம விழுந்தா அது அடிக்கும். மொதல்ல காலு போய்ச் சொல்லணும், பெறவு தொடை போய்ச் சொல்லணும், பெறவு தோளு. கை கடைசியாத்தான் வரணும், விருந்தாளி மாதிரி."

நான் கதவைத் திறந்து வெளியே வந்திருக்க வேண்டும். மாவுக் கையோடு ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வரவில்லை. நீ கண்டுபிடித்தது சரி என்று சொன்னால், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொன்னதாக ஆகிவிடும். ஆபீஸ் அறையில் சொன்னதை விழுங்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மறுபடி ஆட்டுக்கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குப் பிறகு நீ விழுந்து நான் பார்க்கவில்லை. அடுத்த ஜூனில் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்று நீயே கேட்டாய், அனுப்பி வைத்தோம்.

நீ ரயிலேறின மறுவாரம் நான் வகுப்பில் பிள்ளைகளைத் தரையில் படுக்கச் சொன்னேன். பஞ்சு வேண்டாம், ஜமுக்காளமும் வேண்டாம், வெறும் தரை. நீ விழுந்த மாதிரி விழச் சொல்லிக்கொடுத்தேன். நீ ஊரில் இருக்கும்வரை அதைச் செய்யத் துணியவில்லை, திருடுகிறவளுக்கும் கூச்சம் இருக்கிறது. உன் வார்த்தையையும் விடவில்லை. 'தரைகிட்ட சொல்லிட்டுப் போகணும்' என்று ஒன்பது வருஷமாக நான் சொல்லிச் சொல்லி, இப்போது என் பிள்ளைகள் திண்டில் இருந்து குதித்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு குதிக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் எலும்பு முறியவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் என்னைப் போய்க் காட்டச் சொன்னார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். நாலு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உன் ஆட்டத்தை என் ஆட்டமாகக் காட்டிவிட்டு, போட்ட மாலையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அந்த மாலைகளைப் பார்ப்பார், ஆணியில் மாட்டுவார். அவருக்கு எல்லாம் தெரியும். அன்று பின்கட்டில் வேலியோரம் அவரும் நின்று பார்த்திருக்கிறார், அதை வியாழக்கிழமைதான் என்னிடம் சொன்னார்.

ஆக, உனக்கு ஒழுங்காக விழத் தெரியாது என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, எனக்குத் தெரிந்தது இதுதான். பஞ்சில் பழக்கி உன்னைக் கரிசலில் விழவைத்தது நான். நீ நான் சொன்னதைச் செய்ததால்தான் உன் கை ஒடிந்தது. சொன்னபடி செய்யவில்லை என்று உன் மேல் போட்டதும் நான். அதற்குப் பிறகு எனக்கு விழச் சொல்லிக்கொடுத்தது நீ. என்னை மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் உடனே மன்னித்துவிடாதே. நீ சட்டென்று விட்டுக்கொடுக்கிற பிள்ளை, அன்றைக்கு அப்படி விட்டுக்கொடுத்துத்தான் இவ்வளவும் ஆனது. கொஞ்ச நாள் என் மேல் கோபமாக இரு. எனக்கு அது நல்லது.

வேலையை ஏற்றுக்கொள் என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்லும் தகுதியை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை நீயாக ஏற்றுக்கொண்டால், ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்கிற மாதிரி இரண்டொன்று சொல்கிறேன். முதல் நாளே பிள்ளைகளை வெறும் தரையில் படுக்க வை, ஒரு பீரியட் முழுக்கச் சும்மா கிடக்கட்டும். விளாத்திகுளத்துத் தரையும் நம் தரைதான், ஆடியில் ஒரு மாதிரி, கார்த்திகையில் ஒரு மாதிரி இருக்கும், அது அவர்கள் முதுகுக்குத் தெரிய வேண்டும். துளி தன் கட்டைவிரலில் விழுந்தது என்று ஒருத்தி கடைசிவரை படுத்திருந்தால் அவளை அவசரப்படுத்தாதே. டிரில் பழக்கத்தில் உன் வாய் 'ம், சீக்கிரம்' என்று சொல்ல வரும், கடித்துக்கொள். எந்தப் பிள்ளைக்காவது அடிபட்டு, யாராவது வந்து எப்படி நடந்தது என்று கேட்டால், முதலில் உன் பெயரைச் சொல். வேலை போனால் போகட்டும். வீட்டில் கம்பும் சோளமும் இருக்கிறது, அப்பாவின் இருமலும் இருக்கிறது, ஒரு வயிறு கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் காப்பாற்றிக்கொண்ட வேலையோடு பத்து வருஷம் இருந்து பார்த்துவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து டீச்சர் என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், பெஞ்சில் உட்கார்ந்து நீ சொன்ன 'ஆமா டீச்சர்' காதில் விழும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடைசிப் பீரியட் எட்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகளும் மைதானத்தில் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார்கள், நான் டம்பெல்ஸைத் தட்ட வேண்டும். தட்டவில்லை. "பிள்ளைகளா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். இந்த விழுகிற முறையை நான் மெட்ராஸில் கற்கவில்லை, என் மகள் எஸ்தர் கண்டுபிடித்தது, அப்போது அவளுக்கு உங்களைவிட ஒரு வயது குறைவு, அவள் கை ஒடிந்தது என் தப்பால், பழியை அவள் மேல் போட்டேன், 'தரைகிட்ட சொல்லிட்டுப் போகணும்' என்பதும் அவள் வார்த்தை. இவ்வளவையும் சொன்னேன். பிறகு செல்லத்தாய், படுத்தபடியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், இத அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப மொதல்ல அவியகிட்ட சொல்லிட்டு வாங்க டீச்சர். நாங்க இங்கனயே படுத்திருக்கோம்."

மணி அடித்தும் அவர்கள் எழவில்லை. நான்தான் எழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். நாளைக்கு முதல் பீரியட் அவர்கள்தான். செல்லத்தாய் கேட்பாள். சொல்லிவிட்டேன் என்று சொல்வேன்.

அம்மா